வெள்ளித்தலைப் பாரில் செத்த சிப்பிகள்

பிப்ரவரி 7, திங்கள்

இயக்குநர் வேதமாணிக்கம் சார் எங்கள் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். காற்று, தண்ணீரின் சூடு, சிப்பி எண்ணிக்கை. அது அலுவலக நோட்டு. இது என் நோட்டு. இதில் என் இஷ்டம்போல் எழுதுவேன்.

கடல் ஆய்வு நிலையம் என்று பெயர் மட்டும் பெரிது. தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, இரண்டு நுண்ணோக்கியும் கால் ஆடுகிற ஒரு மேசையும் போட்டிருக்கிறார்கள். சுவரில் இன்னும் உப்பு பூக்கிறது. திருநெல்வேலியில் அம்மாவிடம் 'பெரிய ஆபீஸ்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் வந்து பார்க்காமல் இருக்கவேண்டும்.

இன்று கணக்கெடுப்பு தொடங்கியது. முத்துச்சிப்பி ஒட்டி வளர்கிற கடலடிப் பாறைத்திட்டுக்கு இங்கே பார் என்று பெயர். எங்களுடையது வெள்ளித்தலைப் பார். மூழ்கிச் சிப்பி எடுக்கிற ஆறு குளியாட்கள் படகில் போய், பன்னிரண்டு இடத்தில் இரும்பு வளையத்தைப் போட்டு, வளையத்துக்குள் இருப்பதை மொத்தமாக வலைப்பையில் அள்ளிவரவேண்டும். கரையில் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து நான் எண்ணுவேன். பாரில் சிப்பி எவ்வளவு, உயிருள்ளது எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்த வருஷம் முத்துக்குளிப்புக்கு அரசாங்கம் உத்தரவு கொடுக்கும். நானும் படகில் போகிறேன் என்றேன். படகை நடத்துகிற தண்டல் ஆரோக்கியம் பெண்களைப் படகில் ஏற்றியதில்லையாம், ஏற்றவும் மாட்டாராம். சரி, போகட்டும்.

மத்தியானம் முதல் பையை அவிழ்த்தேன். பாதிக்கு மேல் செத்த சிப்பி. வாய் பிளந்து, உள்ளே அழுகி, வெயிலில் வந்த நாற்றம் அப்பப்பா! கொட்டகைக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தேன். காலையில் ஓட்டலில் தின்ற இட்லி சரியில்லை, வேறொன்றுமில்லை. தவளையும் சுறாக்குட்டியும் அறுத்துப் படித்தவள் நான்.

கொட்டகையில் எனக்கு உதவிக்கு இருக்கும் செசீலி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் கயித்தான்தான் குளியாட்களில் முதல் ஆள். அவன் செம்பில் தண்ணீரோடு நின்றான். "பாவம், சைவக்காரப் பிள்ளை. இந்த வாடை எப்பிடித் தாங்கும்?" என்று செசீலி அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. தண்ணீரைக் குடித்தேன்.

எண்ணியது 410. செத்தது 231.

பிப்ரவரி 8, செவ்வாய்

இன்று 398 சிப்பி. செத்தது ஒன்பதே ஒன்பது! நாற்றம் இல்லை, வாந்தி இல்லை.

நேற்று வளையம் பாரின் ஓரத்தில் விழுந்திருக்கும் என்று சாரிடம் சொன்னேன்.

"அப்படியா நினைக்கீரு?" என்றார்.

"அப்படித்தான் சார்."

முதல் நாளை வெள்ளோட்டம் என்று எழுதி, கணக்கிலிருந்து அடித்துவிட்டோம். சிவப்பு மையில் கோடு போட்டது நான். என் கோடு எப்போதும் நேராக இருக்கும்.

பிப்ரவரி 10, வியாழன்

405. செத்தது இரண்டு. வேலை பழகிவிட்டது.

பிப்ரவரி 12, சனி

நகரசபைத் தலைவர் கொட்டகைக்கு வந்தார். நாற்காலி இல்லை. செசீலி ஒரு பெட்டியைக் கவிழ்த்து, தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். முத்துக்குளிப்புக்கு உத்தரவு வந்தால் கடற்கரைச் சாலைக்குத் தார் போடுவார்களாம். விளக்குக்கம்பம் இங்கே வரைக்கும் வருமாம். இலங்கையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வியாபாரிகள் வந்தால் தங்குவதற்குச் சத்திரம். "இனி இது ஊர் இல்லம்மா, பட்டணம்," என்று என்னைப் பார்த்து, பட்டணத்தை நான்தான் பையில் வைத்திருப்பதுபோலச் சொன்னார்.

அவர் போனபிறகு சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்தக் கணக்கு இப்படியே போனா நமக்குச் சொந்தக் கட்டடம் கிடைக்கும். உம்ம வேலையையும் நிரந்தரமாக்கிரலாம்," என்றார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது.

கயித்தான் எனக்குச் சிப்பியம்மா என்று பெயர் வைத்துவிட்டான். இப்போது கடைத்தெருவில் வெற்றிலைக்காரிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை.

பிப்ரவரி 16, புதன்

செத்தது ஒன்றுமில்லை. சிப்பியின்மேல் வழக்கமாக இருக்கும் பாசியும் இல்லை. பளிச்சென்று தேய்த்துக் கழுவினதுபோல் இருக்கின்றன. கடலிலிருந்து வருவது கழுவித்தானே வரும்!

"இதென்ன செசீலி, நகைக்கடை மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க கடல் அப்படி," என்றாள். அவள் அண்ணன் சிலுவை வாசலில் நின்று இருமினான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. பன்னிரண்டு பை எண்ணவேண்டியிருந்தது.

இந்தச் சிலுவைதான் கயித்தானுக்குக் கயிறு பிடிப்பவன். இங்கே குளிக்கிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிக்கவேண்டும். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்கமாட்டான் என்பது ஏற்பாடு. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் கரையில் இருக்கும் நேரமெல்லாம் சண்டைதான். சிலுவைக்கு ஒரு பீடி கொடுக்கக்கூட கயித்தானுக்கு மனம் வராது.

அம்மாவின் கடிதம். சங்கரன்கோவிலில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறாராம், பள்ளிக்கூட வாத்தியார். பதில் எழுத நேரமில்லை.

பிப்ரவரி 19, சனி

அறிக்கை முடிந்தது. நூற்றுக்கு 99 உயிர். சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "இவ்வளவு நல்ல பாரை நான் புஸ்தகத்திலகூடப் பார்த்ததில்லை," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனாலும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னல் வழியே பஞ்சாலைப் புகையைப் பார்த்தேன். மாலைத் தபாலில் மதராசுக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 25, வெள்ளி

உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை. வந்தமாதிரிதான் என்று மதராசிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். கடற்கரையில் கொட்டகைகளுக்குக் கம்பு நட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வரிசை, இரண்டு வரிசை, தெரு மாதிரி. கயித்தான் புதுக் கயிறு வாங்கி வந்து காட்டினான்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. "ஈஸ்டர் வரைக்கும் நானும் ஒங்கள மாதிரிதாம்மா, மரக்கறி," என்றாள் செசீலி. அவள் கொண்டுவந்த முருங்கைக்கீரைப் பொரியலைச் சேர்ந்து சாப்பிட்டோம். உப்பு அதிகம். சொல்லவில்லை.

மார்ச் 2, புதன்

இன்று கொட்டகையை ஒழுங்கு பண்ணினோம். என் பெயர் பலகையில் வருமா, நிரந்தரமானவர்களுக்குப் பலகை உண்டாமே என்று செசீலியிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"மொத நாளு நீங்க வாந்தி எடுத்ததப் பாத்து எங்க வீட்டுக்காரருக்குச் சோறு எறங்கலம்மா. மறுநாளே எல்லாரையும் கூப்புட்டுச் சொல்லிட்டாவ. செத்தது ஒண்ணுகூட சிப்பியம்மா கைக்குப் போவக்கூடாது, படகுலயே பொறுக்கிக் கடல்ல போட்டுருங்கன்னு."

நான் கையில் விளக்குமாற்றோடு நின்றேன்.

"பை கொறஞ்சு போகுமே?" என்று கேட்டேன்.

"கொறயவிடுவாவளா? வளையத்துக்கு வெளிய பாத்து நல்லதா நாலு எடுத்துப் போட்டுருவாவ. பாசி இருந்தா ஒங்க கைய அறுக்கும்னு எங்க அண்ணன் தேங்கா நாரு வெச்சுத் தேச்சுக் குடுப்பான்."

கயித்தானைக் கூப்பிட்டுவிட்டேன். வந்தான். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். கத்தினேன் என்றும் சொல்லலாம்.

அவனுக்கு விளங்கவேயில்லை. "கவர்மெண்டு கேக்குறது நல்லது எவ்வளவு இருக்குன்னுதானம்மா? செத்தத எண்ணி என்ன செய்ய? நாங்க எந்தக் காலத்துலயும் செத்ததக் கரைக்குக் கொண்டாந்ததில்லயே."

"அப்போ பார்ல செத்தது எவ்வளவு இருக்கு?"

"மொத நாளு நீங்க பாத்த மாதிரிதான். எல்லா எடத்துலயும். சில ஓட்டுல ஊசி குத்துனாப்பல ஓட்டை இருக்கு."

ஊசித்துளை. பாரில் சிப்பியைத் துளைத்துத் தின்கிற நத்தை புகுந்திருக்கிறது. இருக்கிற உயிரையும் இப்போது அள்ளிவிட்டால் முட்டை போட ஒரு சிப்பி மிஞ்சாது. பார் முடிந்தது, அதோடு வரப்போகிற வருஷங்களின் குளிப்பும் முடிந்தது.

மார்ச் 3, வியாழன்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 4, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை, இதிலும் பொய் எழுதினால் எனக்கு வேறு கதி இல்லை.

எனக்குத் தெரியும். செசீலி சொல்வதற்கு முன்னாலேயே தெரியும். இரண்டாம் நாளே தெரியும். 231 ஒரே ராத்திரியில் ஒன்பதாக ஆகாது என்பதற்கு விலங்கியல் படிக்கவேண்டியதில்லை. எண்ணிக்கை நன்றாக இருந்தது, நாற்றம் இல்லை, சார் சிரித்தார், பட்டணம் வருகிறது என்றார்கள். நான் கேட்கவில்லை. இட்லிமேல் பழி போட்டேன். அந்த ஓட்டல்காரன் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வயதானவராகத் தெரிந்தார்.

"எனக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சும்மா. கேட்டிருக்கணும். கட்டடம் கண்ணை மறைச்சிட்டு," என்றார். பிறகு, "அறிக்கையை வாபஸ் வாங்கி இன்னைக்கே தந்தி அடிக்கேன். ஆனா காரணம் கேப்பாங்க. குளியாட்கள் ஆய்வு மாதிரியைக் கெடுத்துட்டாங்கன்னு எழுதிக் குடும். உண்மைதானே? உம்ம வேலைக்கு ஒண்ணும் வராது," என்றார்.

"அவங்களுக்கு?"

"கணக்கெடுப்புக்கு இனிக் கூப்பிடமாட்டாங்க. குளிப்பு எப்போ வந்தாலும் பேர் பட்டியல்ல இருக்காது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில குடும்."

ஒரே வாக்கியம். என் கையெழுத்து வேறு அழகாக இருக்கும்.

மார்ச் 5, சனி

காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதியது இது: 'முதல் நாள் எண்ணிக்கை சரியானது. அதை அடிக்கச் சொன்னது நான். இரண்டாம் நாளிலிருந்து ஆய்வு மாதிரி மாறியிருப்பது பார்த்தாலே தெரிந்தது, நான் விசாரிக்கவில்லை. குளியாட்களுக்கு முறை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. அழுகிய சிப்பியை என்னால் தாங்க முடியாது என்று எண்ணி, என்மேல் உள்ள அன்பினால் அவற்றை நீக்கினார்கள்.'

சார் படித்தார். 'அன்பினால்' என்ற இடத்தில் பென்சில் நின்றது. "இதை மதராசுக்கு எப்படி அனுப்ப? அறிவியலா எழுதும்மா."

"அதுதான் சார் காரணம். வேற காரணம் கிடையாது."

அப்போது வாசலில் சத்தம். ஆறு குளியாட்களும் சிலுவையும் நிற்கிறார்கள். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். பின்னால் செசீலி, அழுது வீங்கின முகத்தோடு. அவள் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"ஐயா, சிப்பியம்மா மேல தப்பு ஒண்ணுமில்ல. பொறுக்கச் சொன்னது நான்," என்றான் கயித்தான்.

"தேச்சுக் குடுத்தது நான்," என்றான் சிலுவை.

"நீ சும்மா கெட. நான் சொல்லித்தான நீ தேச்ச?"

"எனக்கு நீ சொல்லணுமோ? எனக்குன்னு அறிவு கெடையாதோ?"

இருவரும் சாரின் மேசைக்கு முன்னால் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான் என்று நானும் நடுவில் புகுந்தேன். சார் மேசையைத் தட்டினார்.

"ஆளாளுக்குத் தப்புல பங்கு கேட்டா நான் மதராசுக்கு என்னத்த எழுத?"

கடைசியில் அவர் பென்சிலை வைத்துவிட்டு மையில் கையெழுத்துப் போட்டார், என் காகிதத்தில், ஒரு வார்த்தையும் அடிக்காமல். நிரந்தரம் என்பது இப்போதைக்கு இல்லை. ஆறு மாதத் தற்காலிகம், நடத்தையைப் பொறுத்து. புதன்கிழமை மறுபடி கணக்கெடுப்பு, அதே ஆறு பேர், நானும் படகில்.

கடற்கரைக்குப் போய்ச் சொன்னபோது தண்டல் ஆரோக்கியம் அதற்கும் தலையாட்டவில்லை. செசீலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "படகுக்கு என்ன பேரு வெச்சிருக்கீரு?"

"தஸ்நேவிஸ் மாதா."

"மாதா ஆம்பளையா?"

தண்டல் என்னை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

மார்ச் 9, புதன்

விடிந்ததும் புறப்பட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி. இது நிஜமாகவே அலையால். யாரும் என்னைப் பார்க்காத மாதிரி ஆறு பேரும் ஆறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கடலில் பார்ப்பதற்கு வேறு இடமா இல்லை!

முதல் இடம். வளையத்தைப் போட்டார்கள். கயித்தான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு இறங்கினான். அவன் தண்ணீருக்குள் போனபிறகு எனக்கு மூச்சு விட வரவில்லை. இத்தனை நாளும் பையைத்தான் பார்த்திருக்கிறேன், ஆள் போகிறதைப் பார்த்ததில்லை. சிலுவை கயிற்றை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

கயித்தான் மேலே வந்தான். பையை என் காலடியில் வைத்தான். முகமெல்லாம் பெருமை.

அவிழ்த்தேன். நாற்றம் மண்டையில் ஏறியது. ஒன்று விடாமல் எல்லாம் செத்தது. உயிருள்ள சிப்பி ஒன்றுகூட இல்லை.

"ஒங்களுக்குன்னு பாத்துப் பாத்துப் பொறுக்குனதும்மா. அம்புட்டும் செத்தது. ஒரு நல்லதக்கூடக் கலக்கல," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அந்த நாற்றத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும்! நல்லதும் கெட்டதும் எல்லாம் வேண்டும், வளையத்துக்குள் என்ன கிடந்தாலும் அது வேண்டும், எனக்காக எதையும் பார்க்காதீர்கள் என்று சொன்னேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "ஒருத்தருக்குன்னு நெனைக்காம எப்பிடிம்மா உள்ள போறது?" என்றான். "அங்க இருட்டாக் கெடக்கும். காதெல்லாம் அடைக்கும். யாரையாச்சும் நெனைச்சாத்தான் கை வேலை செய்யும்."



சிலுவைதான் சொன்னான், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே: "அப்போ என்னைய நெனைச்சுக்கிட்டுப் போ மச்சான். எனக்குன்னு நீ ஒருநாளும் எதையும் பொறுக்குனதில்ல. கைக்குக் கெடச்சத மூஞ்சில எறிவ."

படகு குலுங்கச் சிரித்தார்கள். தண்டல்கூடச் சிரித்தார். கயித்தான் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, வளையத்தைப் புது இடத்தில் போடச் சொல்லி இறங்கினான்.

இந்தமுறை வந்த பையைச் சிலுவையின் முன்னால் தொப்பென்று போட்டான். உள்ளே கல் இருந்தது, பாசி இருந்தது, நட்சத்திர மீன் ஒன்று இருந்தது. உயிருள்ளதும் செத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் கேட்ட மாதிரி, கிடந்தது கிடந்தபடி.

எண்ணினேன். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. 36 சிப்பி. உயிர் 14. செத்தது 22, அதில் 17 ஓட்டில் ஊசித்துளை.

எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் படித்தேன். அங்கிருந்து பார்த்தால் கரையில் நட்ட கம்புகள் வரிசையாகத் தெரிகின்றன. அதற்குப் பின்னால் பஞ்சாலைப் புகைபோக்கி, மாதா கோயில், இன்னும் தார் போடாத சாலை.

"இப்பிடியே எல்லா எடத்துலயும் வந்தா இந்த வருசம் குளிப்புக் கெடையாது, இல்லியாம்மா?" என்று கேட்டான் கயித்தான்.

"கிடையாது."

"அடுத்த வருசம்?"

"சந்தேகந்தான். பாரைத் தொடாம விட்டா, குஞ்சு பிழைச்சா, மூணு வருஷத்துல இருக்கும். இப்பவே அள்ளிட்டா எப்பவும் இருக்காது."

அவன் திரும்பிக் கரையில் நட்ட கம்புகளைப் பார்த்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புதுக் கயிற்றை வாங்கியவன் அவன். அந்தச் சங்கரன்கோவில் வாத்தியாரைப் பற்றி அம்மாவுக்கு நான் என்ன பதில் எழுதப்போகிறேன் என்பதும், நான் இங்கேயே இருக்கப்போகிறேன் என்பதும் எனக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இந்த மனிதர்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை நாளும் எழுதவில்லை. ரொம்பப் பிடிக்கும்.

"எழுதுங்கம்மா," என்றான். "செத்ததையும் சேத்து எழுதுங்க."

எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. நான் எழுதி முடிக்கிறவரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஆழத்துக்கு இறக்குகிற கல் கட்டிய கயிற்றில் கால் வைத்தான். சிலுவை தன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். இன்னும் பதினோரு இடம் இருந்தது.